கடைசி வாங்கில் ஒரு பிரித்தல் கணக்கு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு வசனத்தை எங்கே நிறுத்துவது என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். வயதும் போய்விட்டது, நேற்று வந்தவரின் முகமே ஞாபகம் இல்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால் சொல்லாமல் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் திருகோணமலையில் இருந்தவர்கள் தங்கள் ஞாபகங்களை எழுதித் தரலாம் என்று வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். "குண்டு விழுந்ததை எழுதுங்கோ ஆச்சி" என்றார்கள். குண்டு விழுந்ததை எழுதப் படித்த ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பிரித்தல் கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் யுத்த காலத்தில் நடந்ததுதான். விருப்பமில்லாவிட்டால் போடாமல் விடட்டும்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் மேட்டுக்குக் கீழே, உள் துறைமுகத்துப் பக்கம். அப்பாவுக்கு டொக்யாட்டில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை. அப்பாவின் தங்கை புருஷனை இழந்தவ. அந்த மாமியும் அவவின் மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். மகளை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். இருவருக்கும் ஒரே வயது, இரண்டு பேரும் ஒரே பாயில்தான் படுப்போம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அவள் முதல் வாங்கு, நான் கடைசி வாங்கு.

வகுப்புக்கு நாலு வாங்கு, நாங்கள் வரிசையாக இருக்கிற நீளப் பலகைகள். வருடம் தொடங்கும்போது வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து இருத்துவார். சோதனை எல்லாம் வைப்பதில்லை. "முகத்திலையே எழுதியிருக்கு" என்பார். இருத்திய இடம் வருடம் முழுக்க மாறாது. கேள்விகள் முதல் வாங்கில் தொடங்கும், இரண்டாம் வாங்கைத் தாண்டாது. கடைசி வாங்குக்குக் கேள்வியும் வராது, பிரம்பும் வராது. அம்மா ஒரு நாள் வந்து, "இவளுக்கு நாலு அடி போடுங்கோ வாத்தியார், அப்பவாவது படிப்பாள்" என்றபோது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"மாட்டுக்கு அடிச்சா நடக்கும், பிள்ளை. மரத்துக்கு அடிச்சு என்ன செய்ய?"

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதுதான் வெட்கம்.

கடைசி வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு சோனகப் பிள்ளை இருந்தாள். பட்டணத்துக் கடைக்காரர் ஒருவரின் மகள். அவள் எதற்கும் கவலைப்பட மாட்டாள். "எங்களுக்கு என்னடி குறை? இஞ்சதான் சன்னல் காத்து வருது. முன்னால இருக்கிறவளுகள் வேர்த்துச் சாகிறாளுகள்" என்பாள். அவள் இல்லாவிட்டால் நான் அந்த வாங்கில் அழுதே கரைந்திருப்பேன்.

வீட்டிலும் இதே வாங்குதான். வல்லாரை சாப்பிட்டால் மூளை வளரும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். கிணற்றடி ஈரத்தில் கொஞ்சம் வல்லாரை படர்ந்திருந்தது. அம்மா அதில் சம்பல் அரைத்து மச்சாளின் கோப்பையில் மட்டும் வைப்பாள். எனக்கும் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருக்கிற மூளையைத்தான் வல்லாரை வளக்கும்" என்றாள் அம்மா. "இல்லாததுக்கு எதை வளக்கிறது? நீ பருப்பைத் தின்."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. உனக்கு நீலச் சட்டை பொருந்தாது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அடுத்த நாள் நான் கிணற்றடிக்குப் போய் அந்தப் படர் முழுவதையும் பிடுங்கிப் பச்சையாக மென்று விழுங்கினேன். கசப்பென்றால் கசப்பு. இரண்டு நாள் வயிறு கழன்றது. மூளை இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா பக்கத்து வளவு ஆட்டைத் திட்டித் தீர்த்தாள். வாங்குத் தோழிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த ஆட்டைக் கேட்டுப் பாருடி. எவ்வளவு வல்லாரை திண்டும் அது இன்னும் 'மே' எண்டுதானே சொல்லுது!"

நாலாம் வகுப்பில் எனக்கு அது இரண்டாவது வருடம், ஒரு வருடம் பிந்திச் சேர்ந்த மச்சாளுக்கு முதல் வருடம். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து நாலாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைச் சோதிப்பார். அவர் பாஸ் போட்டால்தான் அடுத்த வகுப்பு. அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த முறையும் பெயில் எண்டா நிப்பாட்டிப் போடுவன். மேல ஓர்ஸ் ஹில்லில டொக்டர் வீட்டுக் குசினிக்கு ஒரு பெட்டை தேடினம். ஏறாத படிப்புக்கு ஏன் மினக்கெடுவான்?"

எனக்கு அந்தக் குசினியைத் தெரியும். அம்மாவோடு ஒரு முறை போயிருக்கிறேன். பின் கதவு, புகை, எப்போதும் ஈரமான சீமெந்துத் தரை. அங்கே போனால் திரும்ப வரமாட்டேன் என்று தெரிந்தது. ஆனால் அதற்காக நான் உட்கார்ந்து படித்தேனா என்றால் இல்லை. எனக்கும் அதே நம்பிக்கைதான். ஏறாது என்று எல்லோரும் சொன்ன பிறகு ஏற்றிப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை. பிரித்தல் கணக்கைக் கரும்பலகையில் போட்டவுடன் நான் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அப்போதுதான் யுத்தம் கிட்ட வந்தது. துறைமுகம் நிறையக் கப்பல். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று பெரியவர்கள் கதைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணலில் நீளமாக ஒரு கிடங்கு வெட்டினார்கள். பதுங்குகுழி என்ற சொல்லெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், அன்றைக்கு அது கிடங்கு. அபாயச் சங்கு ஊதியதும் ஓடிப்போய் அதற்குள் குந்த வேண்டும், மறுசங்கு ஊதும்வரை வெளியே வரக்கூடாது. விமானம் ஒன்றும் வராது, பழக்கத்துக்காக ஊதுவார்கள். சில நாளில் ஒரு மணித்தியாலம் அப்படியே இருப்போம்.

அந்தக் கிடங்கில் வாங்கு இல்லை. யார் முதலில் ஓடி வந்தாரோ அவர் உள்ளே, பிந்தினவர் வாசலில். யாருக்குப் பக்கத்தில் யார் என்று வாத்தியார் பார்க்க முடியாது. அவரே தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் குந்தியிருப்பார்.

ஒரு நாள் நான் மச்சாளின் தோளோடு தோள் ஒட்டிக் குந்தினேன். சங்கு ஊதுவதற்கு முன் கரும்பலகையில் ஒரு பிரித்தல் கணக்கு இருந்தது. ஏழாயிரத்து முந்நூற்று நாற்பத்து நாலை இருபத்து நாலால் பிரிக்க வேண்டும். மச்சாள் சிலேட்டோடு ஓடி வந்திருந்தாள். மடியில் வைத்துச் செய்தாள். முப்பத்தாறு என்று எழுதினாள். முகத்தைச் சுளித்தாள். பெருவிரலில் எச்சில் தொட்டு அழித்தாள். திரும்பவும் எழுதினாள், திரும்பவும் அழித்தாள். பிறகு முந்நூற்று ஆறு என்று எழுதினாள்.

"என்னடி மச்சாள், அழிக்கிறாய்?"

"சீ, பாக்காதை!" கையால் சிலேட்டை மூடினாள்.

"உனக்கும் பிழைக்குமோ?"

"மெல்லக் கதையடி! ஆருக்கும் சொல்லிப் போடாதை. உன்ரை அம்மாவுக்குச் சொல்லிப் போடாதை."

அவள் பயந்தது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வேறொன்று விளங்கியது. இத்தனை வருடமாக நான் முதல் வாங்கில் இருந்தவர்களின் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சிலேட்டை உயர்த்திக் காட்டும்போது விடை தெரியும், அதுவும் சரியான விடை. அந்த விடைக்கு முன்னால் இரண்டு பிழையும் எச்சிலும் இருந்தது கடைசி வாங்குக்குத் தெரியாது. அவர்களுக்குக் கணக்கு தானாகவே கையில் வருகிறது, எனக்கு வரவில்லை, ஆகவே நான் மொக்கு. இதுதான் என் முழுக் கணக்கும். அந்தக் கணக்கே பிழை.

வாங்குத் தோழியிடம் சொன்னேன். "அவளும் அழிச்சு அழிச்சுத்தானடி செய்யிறாள்."

"பொய்!"

"கண்ணால பாத்தனான்."

"அல்லாவே! அப்ப நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் என்னத்துக்கடி சிலேட்டைக் கவிட்டு வச்சம்?"

அன்று முதல் சங்கு ஊதினால் நாங்கள் கிடங்கின் கடைசியில் போய் இருந்தோம். அடியில் மணல் ஈரமாக இருக்கும். ஈர்க்கால் கீறினால் எழுத்து நிற்கும். அந்த ஏழாயிரத்து முந்நூற்று நாற்பத்து நாலையே திரும்பத் திரும்பப் பிரித்தோம். ஒவ்வொரு முறையும் முப்பத்தாறுதான் வந்தது. நடுவில் அந்தச் சைபர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. தலை சூடாகிக் கண்ணில் தண்ணீர் வரும். விட்டுவிடுவோம். அடுத்த சங்குக்குத் திரும்பத் தொடங்குவோம். வாய்பாடும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது, அதையும் முதலில் இருந்து பாடமாக்க வேண்டியிருந்தது. எத்தனை நாள் என்று சொல்ல ஏலாது. ஒரு நாள் தோழிதான் சொன்னாள், "இந்த முப்பத்தாறைத் திருப்பி இருபத்து நாலால பெருக்கிப் பாப்பமே" என்று. பெருக்கினோம். எண்ணூற்றுச் சொச்சம் வந்தது. ஏழாயிரம் எங்கே, எண்ணூறு எங்கே! நடுவில் ஒரு பெரிய துண்டு தொலைந்திருக்கிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. பதினாலுக்குள் இருபத்து நாலு போகாது. போகாது என்றால் பேசாமல் தாண்டிப் போகக்கூடாது, போகாது என்பதற்கு ஒரு சைபர் போட வேண்டும். நாங்கள் கத்திய கத்தில் வாத்தியார் குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்தார்.

உண்மையாகவே குண்டு விழுந்தது வருஷப்பிறப்புக்குச் சில நாள் முன்னால், ஒரு காலையில். அன்று பள்ளிக்கூடம் போக முன்னமே தொடங்கிவிட்டது. நான் கிணற்றடியில் நின்றேன். நிலம் காலுக்குக் கீழே அசைந்தது. துறைமுகப் பக்கம் புகை எழும்பியது. பின்னேரம் அப்பா உடம்பெல்லாம் கரியாக நடந்து வந்தார். அம்மா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

ஊர் வெறுமையானது. வாங்குத் தோழியின் குடும்பம் கிண்ணியாவுக்குப் போனது, அதற்குப் பிறகு அவளை நான் காணவில்லை. நாங்கள் தம்பலகாமத்தில் ஒரு சொந்தக்காரரின் வயல் வீட்டுக்குப் போனோம். அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, சங்கும் இல்லை. களத்து மண்ணில் நான் குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நானே இலக்கங்களைத் தருவேன், பெருக்கிப் பார்ப்பேன். மச்சாளைக் கூப்பிட்டால் வரமாட்டாள். "எனக்குத் தெரிஞ்சதுதானே, ஏன் திருப்பிச் செய்வான்?" என்பாள். கஷ்டமான ஒன்றைக் கொடுத்தால், "இப்ப எனக்குத் தலையிடி" என்று எழும்பிப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். பள்ளிக்கூடத்தில் பாதியில் படைக்காரரின் சாமான் அடுக்கியிருந்தது. மற்றப் பாதியில் வகுப்பு நடந்தது. வாங்குகள் பழையபடிதான். கடைசி வாங்கில் என்னோடு சேர்த்து மூன்று பேர். வந்து கொஞ்ச நாளில் வாத்தியார் அறிவித்தார், நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கடைசி வாங்குப் பிள்ளையள் நாளைக்கு வரத் தேவையில்லை."

இது வருடா வருடம் நடப்பதுதான். முந்தின வருடமும் நான் அப்படித்தான் பெயில் ஆனேன். சோதனைக்கு இருக்காமலே. எங்களால் பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். முந்தின வருடம் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, கடற்கரைக்குப் போய் விளையாடினேன்.

மச்சாள் வீட்டில் சொல்லிவிட்டாள். காலையில் நான் முகம் கழுவி, நல்ல சட்டையைப் போட்டேன்.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?" என்றாள் அம்மா.

"பள்ளிக்கூடத்துக்கு."

"உன்னை வேண்டாம் எண்டவையாமெல்லோ. விறகு பொறுக்க வா."

"அவைக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

அம்மாவுக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் அகப்பையோடு நின்றபடி நின்றாள். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் வாத்தியார் மறித்தார். "உன்னை வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?"

குனிந்து அவர் கைக்குக் கீழால் புகுந்து போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். அவர் பிரம்பை எடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வந்து நின்றது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட தமிழ் ஆள். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், வாங்குகளைப் பார்த்தார். "அந்த வாங்கில ஒரு பிள்ளைதான் இருக்குது. மற்றவை எங்கை?"

"குண்டுக்குப் பயந்து ஊரோடை போனவை ஐயா, இன்னும் வரேல்லை" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் கணக்கை எழுதினார். எட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்றைப் பதினேழால் பிரிக்க வேண்டும். பதினேழால் பிரிப்பதை நாங்கள் வகுப்பில் செய்ததே இல்லை. எல்லோரும் சிலேட்டின் மேல் குனிந்தார்கள்.

எனக்கு முதலில் ஐம்பத்து மூன்று வந்தது. பதினேழால் பெருக்கினேன், தொள்ளாயிரத்தொன்று. இல்லை. அழித்தேன். சைபரைக் கடைசியில் போட்டு ஐந்நூற்று முப்பது என்றேன். பெருக்கினேன், ஒன்பதாயிரத்துக்கு மேலே போனது. அழித்தேன். சிலேட்டு முழுக்க எச்சிலும் குச்சித் தூளுமாக ஒரு சேறு. "நேரம் முடிஞ்சுது, சிலேட்டை வையுங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

"கீழை வை!" என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

"இன்னும் முடியேல்லை ஐயா" என்றேன்.

வகுப்பில் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல். முதல் வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அவர்களின் முகத்தை நான் ஒன்றாகப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி வாத்தியாரை அமர்த்தினார். "சரி, செய்து கொண்டிரு" என்று சொல்லிவிட்டு முன் வாங்கின் சிலேட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார். மச்சாளின் சிலேட்டு வெறுமையாக இருந்தது. ஒரு கோடு கூட இல்லை. "வயித்துக்குத்து ஐயா" என்றாள். "ஐயா, இவள்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பாவம், சுகமில்லை" என்றார் வாத்தியார். அவளுக்கு வாசிப்பும் சொல்வதெழுதலும் வைத்துப் பாஸ் போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நாலாவது வாங்குக்கு வந்தபோது நான் ஐந்நூற்று மூன்றைப் பதினேழால் பெருக்கி முடித்திருந்தேன். எட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்று. சிலேட்டை நீட்டினேன். அந்தச் சேற்றைப் பார்த்தார்.

"எத்தினை தரம் அழிச்சனி?"

"ரெண்டு தரம் ஐயா."

"ரெண்டு தரமோ? நான் மூண்டாம் வகுப்பிலை இதுக்கு ஒரு கிழமை அழுதனான்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். பதிவுப் புத்தகத்தில் என் பேரைத் தேடினார். என் பேருக்கு எதிரே ஏற்கனவே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தார், அதை வெட்டினார், வாசிக்கச் சொன்னார். தட்டித் தட்டி வாசித்தேன். பாஸ் என்று எழுதினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வயித்துக்குத்தோ?"

"இல்லையடி. பதினேழு எண்டதும் பயந்திட்டன். உனக்கென்ன, நீ மொக்கு, பிழைச்சா ஆரும் ஒண்டும் சொல்லாயினம். நான் பிழைச்சா நான் கெட்டிக்காரி இல்லை எண்டு ஆயிடுமெல்லோ."

நாங்கள் இருவரும் ஒரே பொய்யில் அடிபட்டவர்கள் என்று அன்றைக்குச் சொல்ல எனக்குச் சொற்கள் இருக்கவில்லை. பதினேழாம் வாய்பாட்டை மட்டும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

அம்மா நம்பவில்லை. "இன்ஸ்பெக்டர் பேர் மாறிப் போட்டிருப்பார்" என்றாள். அப்பா கைகழுவிக்கொண்டே, "பாஸ் எண்டா பாஸ். குசினிக்கு வேறை பெட்டை பாக்கட்டும்" என்றார். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். வாத்தியார் என்னைத் திரும்பவும் கடைசி வாங்கில்தான் இருத்தினார். நான் போய் இரண்டாம் வாங்கில் இருந்தேன். எழுப்பினார். அடுத்த நாளும் போய் இருந்தேன். ஒரு கிழமையில் அவருக்கு அலுத்துவிட்டது.

ஐந்தாம் வகுப்புக்கு மேலே எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை, தூரத்துக்கு அனுப்ப வீட்டில் விடவில்லை. அது படிப்பு ஏறாததால் இல்லை, அதை எழுதி வைக்க வேண்டும். நான் கெட்டிக்காரி என்று இப்போதும் சொல்லவில்லை. யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்தச் சொல் மச்சாளை என்ன செய்தது என்று பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதிருந்தது, பிறகு தெரிந்தது, நடுவில் நிறைய அழித்தேன். அவ்வளவுதான். இன்றைக்கும் நாலு வயதுப் பிள்ளையைக் காட்டி, "இதுக்கு மூளை கொஞ்சம் குறைவு" என்று யாராவது என் முன்னால் சொன்னால், கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விடும். பேசிவிடுவேன். பேசியுமிருக்கிறேன், ஒரு கல்யாண வீட்டில்.

இதை அச்சில் போடுவதென்றால் விஷயம் தெரிந்தவர்கள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். கிடங்கு வெட்டியது சிங்கப்பூர் விழுந்த பிறகா முன்னமா, நாங்கள் தம்பலகாமத்தில் இருந்தது எத்தனை மாதம், அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வந்தது மழைக்கு முன்னா பின்னா, இதெல்லாம் எனக்குக் குழப்பம். பழைய பதிவுப் புத்தகம் எங்கேயாவது இருந்தால், வெட்டி எழுதிய ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். கணக்கின் விடையை மட்டும் பார்க்கத் தேவையில்லை. இன்று காலையிலும் பெருக்கிப் பார்த்துவிட்டேன்.